மூச்சடக்கி விளையாடியவர்

கதிரையில் ஒரு மயக்கம்

சவிரிமுத்து அண்ணை மயங்கிய அந்தக் காலையை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் மயங்கியது தண்ணீரிலும் இல்லை, வெயிலிலும் இல்லை. எங்கள் சிகிச்சை நிலையத்து மின்விசிறிக்குக் கீழே, ரீவிக்கு முன்னால், கையில் ரீவி கேமின் கைப்பிடியோடு இருந்த மனிதர் அப்படியே கதிரையில் சரிந்தார்.

நான் அடுத்த மேசையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன். விறைத்த மூட்டுகளை இளக்குவதற்கு இளஞ்சூட்டு மெழுகில் கையைத் தோய்த்து எடுப்பது எங்கள் தொழிலில் ஒரு முறை. "மிஸ், இஞ்சை ஒருக்கா வாங்கோ, இந்த மனிசன் ஒரு மாதிரிக் கிடக்குது" என்று, மணிக்கட்டு முறிவுக்கு எங்களிடம் வந்துகொண்டிருந்த பரமேஸ்வரி அக்கா கூப்பிட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அண்ணையின் உதடு நீலம் பாரித்திருந்தது. தரையில் கிடத்திக் காலைத் தூக்கிப் பிடித்தேன். ரீவியில் நீலத் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு சின்ன மனிதன், பட்டனை அமத்த ஆளில்லாமல், மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் அண்ணை கண்ணைத் திறந்தார். வாயைக் குவித்து, விசிலடிப்பதுபோல நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு முகட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"மேலை வந்திட்டனோ மிஸ்?"

"எங்கையிருந்து அண்ணை?"

"கீழையிருந்து."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பரமேஸ்வரி அக்கா தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இந்தாள் மூச்சைப் பிடிச்சுக்கொண்டல்லோ விளையாடுறவர். நான் நெடுகப் பாக்கிறனான். நீங்கள் சொல்லிக் குடுத்த எக்ஸர்சைஸ் ஆக்கும் எண்டு இருந்திட்டன்."

ஒட்டிப்போன பெருவிரல்

சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலம் அது. ஊர்காவற்றுறையில் ஒரு தொண்டு நிறுவனம் பழைய கல்வீடொன்றை வாடகைக்கு எடுத்து நடத்திய நிலையத்தில் நான் பிசியோவாக இருந்தேன். வீடு எனக்குக் காரைநகர். காலையில் துறைக்கு வந்து படகேறினால் சற்று நேரத்தில் அக்கரை. அந்தச் சற்று நேரத்திலும் எனக்கு நித்திரை தூங்கும். படகு இயந்திரத்தின் இரைச்சலும், பலகையின் உப்பு மணமும், தண்ணீரில் வெயில் நொறுங்கி மினுங்குவதும் சேர்ந்து கண்ணை இழுத்து மூடிவிடும். பாதிக் கனவில்தான் நான் நெடுக வேலைக்குப் போய் இறங்கினேன். அங்கே போனாலோ, வேலை முழுக்க ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்விப்பது. மடக்கு, நிமிர்த்து. மடக்கு, நிமிர்த்து. பிசியோ படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்: எங்கள் தொழிலின் பெரிய எதிரி நோவு இல்லை, அலுப்பு.

சவிரிமுத்து அண்ணை சங்கு குளிக்கிறவர். வள்ளத்தில் போய், மூச்சைப் பிடித்துக் கொண்டு கடலடிக்கு இறங்கி, மணலிலும் கல்லிடுக்கிலும் கிடக்கும் சங்கைப் பொறுக்கி வருகிற தொழில். ஒருநாள் கல்லிடுக்குக்குள் கை விட்டபோது உடைந்த போத்தல் ஒன்று வலது பெருவிரலின் அடியில் வெட்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில், விரலை மடக்குகிற நாரான டெண்டனைத் தைத்து அனுப்பினார்கள். எங்களிடம் வரும்போது டெண்டன் தழும்போடு ஒட்டிப்போய், விரல் மரக்கட்டையாக நின்றது. நுனி மூட்டை நாள் முழுக்க மடக்கி நிமிர்த்தினால் தழும்பு இளகும். விட்டுவிட்டால் அது அப்படியே இறுகிவிடும், பிறகு ஒன்றும் செய்ய ஏலாது. அதை அவருக்கு ஒளிக்காமல் சொன்னேன்.

"பெருவிரல் இல்லாமல் சங்கை அள்ளலாம் மிஸ், இடுக்குக்குள்ளை இருந்து எடுக்க ஏலாது" என்றார் அவர். "விரல் வராட்டில் மச்சானின்ரை சீமெந்துக் கடைதான். பெருநாள் முடிய வாவெண்டு சொல்லிப்போட்டான்."

மச்சான் என்பது அவருடைய மனைவியின் தமையன், றொபேட். அவரும் கடலில் நின்றவர்தான். அண்ணையின் கை வெட்டுப்பட்ட பிறகு தொழிலை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் கடை போட்டிருந்தார். சீமெந்துக் கடை என்ற சொல்லைச் சொல்லும்போது சவிரிமுத்து அண்ணையின் முகத்தில் யாரோ மண்ணை அள்ளிக் கொட்டியது மாதிரி இருக்கும்.

ஆளுக்கொரு அலுப்பு

ரீவி கேம் எங்களிடம் வந்தது தற்செயலாகத்தான். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் திரும்பிப் போகும்போது பிள்ளைகளின் கேம் பெட்டியை எங்களிடம் தந்துவிட்டுப் போனது. உள்ளே செருகுகிற கட்டையில் தொள்ளாயிரத்துச் சொச்சம் விளையாட்டு என்று போட்டிருந்தது. ஆசையாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஏழெட்டு விளையாட்டுத்தான் பேரை மாற்றி மாற்றித் திரும்ப வந்தது. அண்டப்புளுகு. ஆனால் பட்டனை அமத்துவதற்குப் பெருவிரலின் நுனி மூட்டு மடங்கியே ஆகவேண்டும். இது எனக்குப் போதும் என்று நினைத்தேன்.

எனக்குப் பிடித்தது கார் ஓட்டம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நானே இருந்து ஓட்டுவேன். ஒரு காரை முந்தினால் இன்னொன்று வரும், அதையும் முந்தவேண்டும். எங்கள் தீவு றோட்டில் பஸ் பஸ்சாக ஏறி ஊர்ந்து திரிந்த எனக்கு அது சொர்க்கம். அதைத்தான் சவிரிமுத்து அண்ணைக்கு முதலில் போட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் கைப்பிடியை வைத்துவிட்டார்.

"உது எங்கை போகுது மிஸ்?"

"முன்னுக்குப் போகுது."

"போய்?"

துவக்கால் சுடுகிற விளையாட்டைப் போட்டேன். "உதைக் காசு குடாமலே கனகாலம் பாத்தாச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் அதைப் பிறகு போடவில்லை.

பரமேஸ்வரி அக்கா நாரந்தனைக்காரி. வயலும் புகையிலைத் தோட்டமும் உள்ள குடும்பம். கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு எங்களிடம் வந்தவர். அவருக்குப் பிடிபட்டது கட்டைகள் விழுகிற விளையாட்டு. மேலேயிருந்து வந்து விழுகிற கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் ஒரு வரி மறையும். அவ்வளவுதான். அக்கா அதை இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு விளையாடுவார். வரி மறையும்போதெல்லாம் "ம், போ" என்பார், வீட்டில் யாரையோ கலைப்பது மாதிரி.

சவிரிமுத்து அண்ணைக்கு அதைப் பார்த்தாலே சலிப்பு. "கட்டிக் கட்டி இடிக்கிறது ஒரு விளையாட்டோ அக்கா?"

"உம்மடை மட்டும் என்னவாம்? ஒரே தண்ணி. எனக்கெண்டால் விசர் பிடிச்சிடும்."

அண்ணைக்குப் பிடிபட்டது கடலுக்குள் நீந்துகிற விளையாட்டு. ஒருக்கா பட்டனை அமத்தினால் சின்ன மனிதன் ஒரு சாண் எழும்புவான். விட்டால் தாழ்வான். பாசி, கல், சில மீன்கள். நீந்திக்கொண்டே போனால் வலப்பக்கம் கடைசியில் கரை வருமாம், அடுத்த கட்டம் தொடங்குமாம். ஆனால் அண்ணை போகவே மாட்டார். அடியில் கிடந்து, ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு உலாவி, மேலே வருவார், திரும்பவும் இறங்குவார். நேரம் முடிந்து விளையாட்டு நின்றால் முதலிலிருந்து தொடங்குவார். நாள் போகப் போகப் பெருவிரல் மடங்கத் தொடங்கியது. எனக்கு அதுதானே வேண்டும். அந்த நீல வெளிச்சம் யன்னலோரச் சுவரிலும் அவருடைய முகத்திலும் அலையடிப்பதைப் பார்த்தால், வேலை நேரத்தில் எனக்கும் படகில் வருகிற அதே நித்திரை வரும்.

அந்த நாட்களில்தான் அவர் மயங்கினார்.

பந்து பந்துதான்

கிழமைக்கு ஒருமுறை வருகிற டொக்டர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "உந்த கேமை அவருக்கு நிப்பாட்டும் மிஸ். கடலிலை சாகாத மனிசன் எங்கடை கதிரையிலை செத்தால் என்ன கதை சொல்லுறது?"

நிப்பாட்டினேன். இறப்பர் பந்தைக் கொடுத்து அமத்தச் சொன்னேன். ஒரு நாள் அமத்தினார். இரண்டாம் நாள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தார். "எத்தினை தரம் அமத்தினாலும் இது பந்துதான் மிஸ்."

"அப்ப மூச்சு விட்டுக்கொண்டு கேமை விளையாடுங்கோ. அதுக்கு நான் டொக்டரிட்டைச் சொல்லுறன்."

இருந்து பார்த்தார். அதே கடல், அதே கல், அதே சின்ன மனிதன். கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட்டார். முன்பு மணிக்கணக்காகக் கண் வெட்டாமல் பார்த்த அதே படம். "மூச்சு விட்டால் அது தண்ணியில்லை மிஸ். ரீவி" என்றார்.

பிறகு அவர் வரவில்லை. ஒரு கிழமையும் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் இளகிய தழும்பு திரும்பவும் இறுகிவிடுமே என்று பயமும் வந்தது. பின்னேரம் படகுக்குப் போகும்போது பார்த்தால், துறையில் கட்டியிருந்த வள்ளமொன்றின் விளிம்பில் அண்ணை இருந்தார். வலது கையைச் சாரத்துக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

"என்ன அண்ணை, பேய்க்காட்டி ஏமாத்துறியளோ என்னை? விரலைக் காட்டுங்கோ."

காட்டினார். மடங்குகிற அளவு குறைந்திருந்தது. நான் ஏசத் தொடங்க முதலே அவர் கேட்டார்: "நான் ஏன் மயங்கினனான் எண்டு தெரியுமே மிஸ்? கயிறு இல்லை. அதுதான்."

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னார். அவர்கள் இறங்கும்போது இடக்கையில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மறு நுனி வள்ளத்தில் நிற்கிறவரின் கையில். கீழே போனவருக்கு நேரம் தெரியாது. கடலடியில் மூச்சுமுட்டு மெல்ல மெல்லச் சுகமாக மாறும், இன்னும் ஒரு கல், இன்னும் ஒரு கல் என்று மனம் இழுக்கும். மேலே நிற்கிறவர்தான் நேரம் பார்த்துக் கயிற்றைச் சுண்டி இழுக்கவேண்டும். சுண்டினால், கைக்கெட்டிய தூரத்தில் சங்கு கிடந்தாலும் விட்டுவிட்டு வரவேண்டும்.

"அதுதான் எங்கடை ஆக்கள் மச்சானைத்தான் கயிறு பிடிக்க விடுறது. தங்கச்சி தாலி அறுக்கக்கூடாதெண்டு கவனமாப் பிடிப்பான். றொபேட் அந்த மாதிரிப் பிடிப்பான் மிஸ். என்ரை கை வெட்டுப்பட்ட அண்டைக்கும் அவன்தான். தண்ணியிலை ரத்தம் கிளம்பி வந்ததை அவன்தானே முதல் பாத்தது. அதோடை கயிறைத் தொடமாட்டனெண்டு சொல்லிப்போட்டான்."

படகுக்காரர் என்னைக் கூப்பிட்டார். அக்கரைக்குப் போகும் வழியில் அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை.

பண்டேஜ் கயிறு

மறுநாள் இந்தக் கதையைப் பரமேஸ்வரி அக்காவிடம் சொன்னேன். அவர் கட்டை அடுக்குவதை நிறுத்தாமலே கேட்டார்.

"அப்ப கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும். அவ்வளவுதானே?"

"ஓம்."

"நான் பிடிக்கிறன். அந்தாளை வரச்சொல்லுங்கோ."

டொக்டரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, குறுகின நேரம் மூச்சைப் பிடிப்பதில் பிழையில்லை, ஆனால் நான் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றார். சவிரிமுத்து அண்ணைக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். அவருடைய இடது மணிக்கட்டில் நான் ஒரு நீளப் பண்டேஜின் ஒரு நுனியைக் கட்டினேன். மறு நுனியைப் பரமேஸ்வரி அக்கா முறிந்து பொருந்திய தன் கையால் பிடித்தார். மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கிச் சுண்டுவது அவருக்கும் நான் கொடுத்த பயிற்சிதான். அதை வீட்டில் செய்யச் சொன்னால் ஆயிரம் சாட்டுச் சொல்லுவார்.

அண்ணை மூச்சை இழுத்தார். சின்ன மனிதன் இறங்கினான். அக்கா ரீவியைப் பார்க்கவில்லை. அண்ணையின் கழுத்து நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம்தான், ஒரு சுண்டு. அண்ணையின் பெருவிரல் படபடவென்று பட்டனை அமத்த, சின்ன மனிதன் எழும்பி மேலே வந்தான். அண்ணை விசில் மூச்சு விட்டார்.

"கெதியாச் சுண்டிப்போட்டியள் அக்கா."

"உமக்கு உவ்வளவும் காணும்."

இப்படியே நாட்கள் போயின. வெளியே பனையோலை சரசரக்கும், ஜெனரேற்றர் தூரத்தில் முனகும். உள்ளே சுவரில் நீல அலை. மூச்சு, சுண்டு, விசில். ஒருநாள் பரமேஸ்வரி அக்கா கேட்டார்: "உதுக்குள்ளை என்ன இருக்கெண்டு உமக்கு அலுக்கேல்லை?"

"அந்தக் கல்லுக்குப் பின்னாலை ஒரு இருட்டுத் தெரியுதே அக்கா? அதுக்குள்ளை என்ன கிடக்குதெண்டு இன்னும் பாக்கேல்லை."

"அது ரீவியிலை ஒரு கறுப்புப் பொட்டப்பா."

"ஓம். கடலிலையும் உப்பிடித்தான் தெரியும்."

அக்கா முதல்முறையாகத் திரும்பி ரீவியை உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு அது பொட்டுத்தான். எனக்கும் பொட்டுத்தான். மத்தியானம் எல்லோரும் போன பிறகு நான் தனியாக இருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதே கடலுக்குள் இறங்கிப் பார்த்தேன். நெஞ்சு முட்டியதுதான் மிச்சம். திரும்பவும் காருக்குப் போனேன்.

எப்ப வந்தனீ

பெருநாள் முடிந்த கிழமை றொபேட் வந்தார். மோட்டார் சைக்கிளை வாசலில் விட்டுவிட்டு, சீமெந்துத் தூசி படிந்த சப்பாத்தோடு உள்ளே வந்து நின்றார். "மச்சானைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். "தங்கச்சி சொன்னவள் இஞ்சைதான் எண்டு. சாமானெல்லாம் கட்டியாச்சு."

கடையில் வேலை தொடங்கினால் இந்தப் பெருவிரலை ஒருவரும் மடக்கப்போவதில்லை, எனக்கு அது தெரியும். இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டியபடி சவிரிமுத்து அண்ணை கடலுக்குள் இருந்தார். பரமேஸ்வரி அக்கா பண்டேஜைப் பிடித்திருந்தார். றொபேட்டின் கண் அந்தப் பண்டேஜிலேயே நின்றது.

"அக்கா" என்றார், மூச்சுக்குள்ளே. "தொய்யிது."

"என்ன?"

"தொய்ய விடப்படாது. இழுக்கவும் படாது. ஆள் அங்கை இருக்கிறாரெண்டு விரலுக்குத் தெரியோணும்."

அக்கா பண்டேஜை அவரிடம் நீட்டினார். அவர் வாங்குவார் என்று நான் நினைக்கவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு வாங்கினார். இரண்டு விரலுக்கு இடையில் அதை மெதுவாக ஓடவிட்டு, தொய்வு போகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டார். சப்பாத்துக் கால் இரண்டையும் அகட்டி வைத்தார், எங்கள் சீமெந்துத் தரை ஆடுவது மாதிரி.

பிறகு சுண்டினார். மிக மெல்லிய சுண்டல்.

சின்ன மனிதன் எழும்பி மேலே வந்தான். சவிரிமுத்து அண்ணை நீளமாக விசில் மூச்சு விட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரீவியைப் பார்த்தபடியே கேட்டார்:

"எப்ப மச்சான் வந்தனீ?"

றொபேட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். பரமேஸ்வரி அக்காவும் அழுதார், எனக்கும் தாங்கவில்லை. மெழுகைப் பார்க்கிற சாட்டில் குசினிப் பக்கம் போய்விட்டேன்.

கரை

அதன் பிறகு கடையைப் பற்றி இருவரும் கதைத்ததை நான் கேட்கவில்லை. றொபேட் நேரம் கிடைத்தபோதெல்லாம் மோட்டார் சைக்கிளில் வந்து கயிறு பிடித்தார். வேலையை இழந்த பரமேஸ்வரி அக்கா, "எனக்கென்ன, என்ரை கட்டை இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் முறைக்குக் காத்திருந்தார்.

ஒரு காலையில் சவிரிமுத்து அண்ணையின் பெருவிரல் நுனி சின்னவிரலின் அடியைத் தொட்டது. நான் ஒரு சோடாப் போத்தலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தேன். விடவில்லை. "காணும் அண்ணை. இனி நீங்கள் இஞ்சை வரத் தேவையில்லை" என்றேன்.

அவர் கடைசியாக ஒருக்கா விளையாடக் கேட்டார். இறங்கினார். அன்றைக்குக் கல்லுக்குக் கல் உலாவவில்லை. நேரே வலப்பக்கமாக நீந்தினார். கடலடி உயர்ந்துகொண்டே வந்தது, தண்ணீர் மெலிந்தது. கடைசியில் மஞ்சள் மணலும் இரண்டு மரமும் தெரிந்தன. இசை மாறியது. இத்தனை நாளில் அந்தக் கரையை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. சின்ன மனிதன் மணலில் ஏறி நின்றான்.

அண்ணை கைப்பிடியை மேசையில் வைத்தார்.

"ஏன், அடுத்த கட்டம் இருக்கல்லோ?" என்றேன்.

"அது தரை மிஸ். எனக்கு அலுப்படிக்கும்."

றொபேட் அவருடைய மணிக்கட்டிலிருந்து பண்டேஜை அவிழ்த்து, முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றிச் சுருட்டித் தன் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார். அது எங்கள் நிலையத்துச் சாமான். நான் கேட்கவில்லை.

பிசியோ படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் என்னிடம் எந்த கேம் நல்லது, எது நோயாளிக்கு அலுக்காது என்று கேட்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. ஒருவர் அலுப்படிக்குது என்று சொன்னால், சோம்பல் என்று எழுதிவைக்காதீர்கள். அவருக்கு அலுக்காத இருட்டு எந்தக் கல்லுக்குப் பின்னால் இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். உங்களுக்கு அது பொட்டாகத் தெரிந்தால் பரவாயில்லை.

சில கிழமைகளின் பின் ஒருநாள், காலைப் படகில் வழக்கம்போலக் கண் சொருகிக்கொண்டு போனேன். விழித்துப் பார்த்தபோது தூரத்தில் ஒரு வள்ளம் நின்றது. அதன் விளிம்பில் ஒருவர் காலை அகட்டி வைத்து, கையில் கயிற்றோடு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அசையவில்லை. அங்கே வேறு ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு மனிதர், ஒரு கயிறு, நீலத் தண்ணீர். எனக்கு நித்திரை போய்விட்டது. அவர் சுண்டுவாரா என்று பார்த்தேன். இன்னும் இல்லை. இன்னும் இல்லை. என் நெஞ்சு முட்டியபோதுதான், நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தது.

"மிஸ், துறை வந்திட்டுது. இறங்கேல்லையோ?" என்று படகுக்காரர் கேட்டார்.

"பொறுங்கோ அண்ணை" என்றேன். "அவர் இன்னும் மேலை வரேல்லை."